படகம்மா பெட்டியில் இருந்த முடி

தொயோமிக்குப் பொறாமை ஜாஸ்தி என்பது எங்கள் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளும் அதை மறைத்தது கிடையாது. "ஆமா, எனக்கு வயிறு எரியும். எரியாம இருக்க நான் என்ன மரக்கட்டையா?" என்று மீன் சங்கத்து ஐஸ் மேடையில் நின்றுகொண்டே சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரியின் முள்ளங்கி தன் தோட்டத்து முள்ளங்கியைவிடப் பருத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இதெல்லாம் சில்லறைப் பொறாமை. முழுப் பொறாமையை அவள் புருஷன் இவாவோவின் படகுக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள். இருபது வருஷமாக அதைக் கெடாமல் பார்த்துக்கொண்டாள்.

இவாவோ தனி ஆளாக மீன் பிடிக்கிறவன். ஜப்பானில் எங்கள் இகித் தீவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். படகு மெல்ல ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், பின்னால் நீளக் கயிறுகளில் தூண்டில் இழுபட வேண்டும், பாரையோ சூரையோ கடித்ததும் பின்பக்கம் ஓடிப்போய்க் கயிற்றைச் சுற்றவேண்டும். அந்த நேரத்தில் சுக்கானைப் பிடிக்க ஆள் ஏது? அதற்குத்தான் ஆட்டோபைலட். திசையைக் காட்டிவிட்டால் போதும், காற்று தள்ளினாலும் அலை தள்ளினாலும் அதுவே சக்கரத்தைத் திருப்பிப் படகை நேராகக் கொண்டுபோகும். இவாவோவின் ஆட்டோபைலட் படகோடு கூடப் பிறந்தது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தொண்டை கட்டினவன் போலக் கறகறக்கும். அவன் அதற்குக் 'கூட்டாளி' என்று பேர் வைத்திருந்தான்.

வீட்டில் இவாவோவுக்கு மூன்று வார்த்தைதான் தெரியும்: சோறு, குளியல், தூக்கம். ஆனால் கடலில் ஒருநாள், மற்ற படகுகளோடு பேசுகிற ரேடியோவை அணைக்க மறந்துவிட்டான். அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது, அவன் கூட்டாளியோடு வாய் ஓயாமல் பேசுகிறவன் என்று. நேற்றைய காற்று, முட்டி வலி, டீசல் வாடை, பொண்டாட்டி வைத்த சோயா சூப்பில் உப்பு கரித்தது, எல்லாவற்றையும் அந்த டப்பாவிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தானாம். பக்கத்துப் படகுக்காரர்கள் தூண்டிலை மறந்துவிட்டுக் கேட்டார்களாம்.

"உப்புன்னா எங்கிட்ட சொல்லவேண்டியதுதானே? அந்தத் தகர டப்பாவா உங்களுக்குச் சூப் வெச்சுக் குடுக்குது?" என்று தொயோமி அன்றைக்கு ஆடித் தீர்த்துவிட்டாள். இவாவோ "சோறு" என்றான்.

கூட்டாளியாவது இயந்திரம், போகட்டும். அவளை உண்மையில் அரித்துத் தின்றது சுக்கான் அறையில் தலைக்கு மேலிருந்த சின்னப் பலகைத் தட்டு. அதன்மேல், படகைக் காக்கும் தெய்வமான படகம்மாவின் பெட்டி இருந்தது. எங்கள் பக்கம் படகு கட்டுகிற மேஸ்திரி, வேலை முடிந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு தன்னந்தனியாக அந்தப் பெட்டியை நிரப்புவார். ஆண் பெண்ணாக இரண்டு காகிதப் பொம்மை, ஒரு ஜோடிச் சூதாட்டக் காய், கொஞ்சம் காசு, தானியம், அப்புறம் ஒரு பெண்ணின் தலைமுடி. மூடியை மூங்கில் ஆணியால் அடித்துவிட்டால் அதை யாரும் திறக்கக்கூடாது, பெண் தொடவே கூடாது. படகம்மாவே பெண் அல்லவா, அவளுக்கும் பொறாமை உண்டு என்று சொல்வார்கள். பெட்டியில் வைக்கிற முடி படகுக்காரனின் மனைவியுடையதாக இருப்பது வழக்கம்.

இவாவோ படகு கட்டியபோது அவனுக்கு மனைவி இல்லை. தொயோமி தீவின் அந்தப் பக்கத்திலிருந்து மறு வருஷம்தான் வாழ வந்தாள். வந்த மாதமே ஐஸ் மேடையில் காதில் விழுந்த சேதி: இவாவோ படகு தண்ணீரில் இறங்கிய அதே மாதம், முடி திருத்தகம் வைத்திருக்கிற சயோகோ, இடுப்புவரை தொங்கின கூந்தலைக் காதுவரை கத்தரித்துக்கொண்டு வந்து நின்றாளாம். இவாவோவுக்கும் அவளுக்கும் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரமாம் அது.

அவ்வளவுதான். வேறு சாட்சி வேண்டுமா? தொயோமிக்கு வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷமாக, புருஷன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு காலையும், தன் வீட்டுக்காரனோடு இன்னொருத்தியும் படகில் ஏறிப்போவதாகவே அவளுக்குத் தோன்றியது. வாய் திறந்து ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்கவில்லை. சயோகோவிடம் முடி வெட்டிக்கொள்ளப் போவதையும் விட்டுவிட்டுத் தானே கத்தரித்துக்கொண்டாள். அதனால் இருபது வருஷமாக அவள் தலை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும்தான் இருந்தது.

இந்த வசந்தத்தில் கூட்டாளி படுத்துவிட்டான். வடக்கே போ என்றால் வடகிழக்கே போனான், பிறகு வட்டமடித்தான், பிறகு கறகறப்பும் நின்றது. இவாவோ அவனைப் பிரித்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஒயரை மாற்றிச் சாலிட்டரும் வைத்துப் பார்த்தான். துறைமுகத்தில் படகு எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கும் குரோகி வந்து உள்ளே டார்ச் அடித்தான்.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு அண்ணே. திசை பாக்குற சென்சார் செத்துப்போச்சு. இதுக்குப் பாகம் செய்யறதை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. ஏதாவது ஒட்டுப் போடலாம், ஆனா நடுக்கடல்ல கவுத்துடும். புதுசு மாத்திடுங்க."

"எப்ப வரும்?"

"சொல்லி வைக்கிறேன். உடனே வராது. மழைக்காலம் தாண்டிடும்."

அதுவரை யார் சக்கரம் பிடிப்பது? இவாவோ ரெண்டு நாள் தாடையைச் சொறிந்துகொண்டு வீட்டில் கிடந்தான். மூன்றாம் நாள் காலை தொயோமி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சோற்று உருண்டைகளை இருவருக்குமாகக் கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் படகில் போய் உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் பெண் படகில் ஏறினாலே படகம்மாவுக்கு ஆகாது என்பார்கள்; புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஏறினால் படகம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று இப்போது எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. இவாவோ கயிற்றை அவிழ்த்தான்.

அந்த மாதங்கள் தொயோமிக்கு எப்படி இருந்தன என்று சொன்னால் சிரிப்பீர்கள். முதல் வாரம் வாந்தி. இரண்டாம் வாரம் தோள்பட்டை கல்லாகிவிட்டது. அவன் பின்னாலிருந்து கத்துவான்: "வளைக்கிற, வளைக்கிற! கூட்டாளி இப்படி வளைக்கமாட்டான்!"

"கூட்டாளிக்குத்தான் கருமாதி ஆயிடுச்சே! அவனையே வந்து பிடிக்கச் சொல்லுங்க!"

"வாய் மட்டும் நேரா போகுது, படகு போகல."

இதைத்தான் பேச்சு என்கிறேன். இருபது வருஷத்தில் வீட்டுக்குள் பேசாத பேச்சை அவன் கடலில் பேசினான். முதலில் திட்டாக வந்தது, பிறகு முட்டி வலியாக, காற்றாக, டீசல் வாடையாக வந்தது. மத்தியானம் பார்லி டீயை ஒரே குடுவையில் குடித்தார்கள். ஒருநாள் அவளே கேட்டாள், "சூப்புல உப்பு எப்படி?" "கொஞ்சம் தூக்கல்" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முட்டாள் பெண்பிள்ளை, உப்பு அதிகம் என்றதற்கு யாராவது அழுவார்களா?

தோள் வலிக்கு மருந்துக் கடையில் காந்த வில்லை வாங்கி வந்தாள். வட்டமான சின்ன பிளாஸ்டர், நடுவில் மிளகளவு காந்தம். எங்கள் ஊரில் ஐம்பதைத் தொட்ட எவர் சட்டையை விலக்கினாலும் தோளில் நாலு இருக்கும். குளித்து வந்ததும் தனக்கு ஒட்டிக்கொள்வாள், அவன் பிடரியிலும் ஒட்டிவிடுவாள். பிளாஸ்டர் ஓரம் அரிக்கிறது என்று அவன் முணுமுணுப்பான். அவனுடையதுக்கு மட்டும் கத்தரியால் ஓரத்தைச் சுற்றி நறுக்கி, பொத்தான் அளவுக்குச் சின்னதாக்கி ஒட்டுவாள்.

தலைக்கு மேல் அந்தப் பெட்டி மட்டும் தினமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'நீ பாத்துட்டே இரு. இப்ப சக்கரம் யார் கையில?' என்று மனசுக்குள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள்.

மழைக்காலம் முடிந்தது. ஐஸ் மேடையில் சயோகோ எதிர்ப்பட்டாள். கூந்தல் மறுபடி வளர்ந்து, ஐம்பத்திரண்டு வயதிலும் கொண்டையாகக் கனத்துக் கிடந்தது அவளுக்கு.

"என்ன தொயோமி, புது மெஷின் வந்துடுச்சாமே? குரோகி கடையில பெட்டியைப் பாத்தேன். இனிமே நீ வீட்டுல நிம்மதியா காலை நீட்டிப் படுக்கலாம்."

"எனக்கென்ன, நிம்மதிதான்."

"அப்படியே ஒருநாள் கடைக்கு வா. அந்தப் பின் முடியை நேர் பண்ணி விடறேன். எலி கடிச்ச மாதிரி இருக்கு."

தொயோமி வீடு வந்து சேர்வதற்குள் காதிலிருந்து புகை வராத குறை. புது இயந்திரம் வருகிறது, தான் இறங்கவேண்டும். அவளை இறக்கிவிட்டு அந்தக் கொண்டைக்காரி மட்டும் தட்டின்மேல் ஜம்மென்று போவாளா?

இவாவோவிடமும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். "புதுசு இல்லாமலே ஓடிட்டுத்தானே இருக்கு?"

"உன் தோள் போயிடும்" என்றான் அவன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கோ அது 'நீ போ' என்றே கேட்டது.

மாற்றுகிற அன்று காலை, இவாவோ படகம்மாவின் பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சாமித் தட்டில் வைத்தான். படகிலிருந்த தட்டைக் கழற்றாமல் குரோகியால் பழைய ஒயரை உருவ முடியாதாம். "மத்தியானம் வந்து எடுத்துக்கறேன். தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொடாதே என்று அவளிடமா சொல்வது!

துறைமுகத்திலிருந்து இன்ஜின் சத்தம் வெளியே போனது. குரோகி புது இயந்திரத்துக்குத் திசை பழக்கப் படகை வட்டம் வட்டமாக ஓட்டப்போகிறான். தொயோமி கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, சாமித் தட்டின் முன் இரண்டு முறை கை தட்டிக் கும்பிட்டாள். "அம்மா, உனக்கும் பொறாமை உண்டுன்னு சொல்றாங்க. அப்ப உனக்குப் புரியும்" என்றாள். சமையல் கத்தியின் நுனியால் மூங்கில் ஆணியை நெம்பினாள்.

பொம்மைகள், காய்கள், நிறம் மங்கிய காசுகள், கறுத்துப்போன அரிசி. அடியில் மடித்த காகிதம். பிரித்தால் முடி. கட்டை விரல் பருமனுக்கு, கறுகறுவென்று, நாரால் கட்டியிருந்தது. "சனியனுக்கு என்ன அடர்த்தி!" என்று வாய்விட்டே சொன்னாள். இருபது வருஷமாக வெறுத்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அடர்த்தியைப் பார்த்துப் புழுங்குகிற பெண்பிள்ளையை என்ன சொல்ல?

கண்ணாடி முன் நின்று தன் பிடரியிலிருந்து ஒரு கற்றையை நறுக்கினாள். பாதி நரை. நரையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். மிச்சம் இருந்தது அந்தக் கட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே வெட்கமாக இருந்தது. இன்னொரு கற்றை நறுக்கினாள். கட்டுவதற்கு நூலைத் தேடும்போதே வெளியே இன்ஜின் சத்தம் நெருங்கிவிட்டது. தையல் டப்பா எங்கே போய்த் தொலைந்ததோ! சட்டைக்குள் கையை விட்டுத் தோளிலிருந்த காந்த வில்லைகள் மூன்றைப் பிய்த்தெடுத்து, முடியின் நுனியைச் சுற்றி இறுக ஒட்டினாள். ஆணியை அடித்து, துணியைச் சுற்றி, வியர்வையைத் துடைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். பழைய முடி ஏப்ரன் பையில் இருந்தது. மாலையில் கடற்சுவர்மேல் நின்று தண்ணீரில் விட்டாள். மிதந்து மிதந்துதான் போனது.

அதற்கு முன், மத்தியானம் வந்த இவாவோவும் குரோகியும் சாப்பிட்டபடியே புது இயந்திரத்தைப் புகழ்ந்து தள்ளினார்கள்.

"சத்தமே இல்ல அண்ணி! கோடு போட்ட மாதிரி போகுது" என்றான் குரோகி.

"ம். வளைக்கல" என்றான் இவாவோ.

தொயோமி சோற்றை அவன் கிண்ணத்தில் அமுக்கி வைத்தாள். சாப்பாடு முடிந்ததுமே பெட்டி படகுத் தட்டுக்குத் திரும்பியது. இவாவோ அதன் முன்னால் அரிசி மதுவும் உப்பும் வைத்துக் கும்பிட்டான். புது சென்சார், வெள்ளையாக, தட்டுக்கு நேர் அடியில் பழையது இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நடுவில் நாலு விரல் இடைவெளி.

மறுநாள் அவன் தனியாகப் போனான். மத்தியானத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டான், பின்னால் இன்னொரு படகுக்காரனின் தூண்டில் கயிறுகளை மலைபோலச் சுற்றி இழுத்துக்கொண்டு. அவன் பின்பக்கம் பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கோடு போட்ட மாதிரிப் போகிற புது இயந்திரம் படகைக் கோணலாகக் கொண்டுபோய் அடுத்தவன் கயிறுகளுக்குள் செருகிவிட்டது. துறைமுகமே கூடிச் சிரித்தது. "புதுப் பொண்டாட்டி வழி தெரியாம ஓடுறா இவாவோ!" என்று ஒருவன் கத்தினான்.

தொயோமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடியை மாற்றினதும் படகம்மா தன் பக்கம் வந்துவிட்டாள் என்றே நம்பினாள். "நல்லா வேணும்" என்று இயந்திரத்தைப் பார்த்து முணுமுணுத்தாள்.

குரோகிக்குத்தான் முகம் செத்துவிட்டது. மூன்று முறை வெளியே கொண்டுபோய்ப் பார்த்தான், மூன்று முறையும் இழுத்தது. கடைசியில் கையடக்கத் திசைகாட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சுக்கான் அறையை அங்குலம் அங்குலமாகத் தடவினான். தொயோமி கரையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திசைகாட்டி தட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் முள் பம்பரம் மாதிரிச் சுற்றி, பெட்டியைக் காட்டி நின்றது.

"அண்ணே, உள்ள இரும்பு ஏதாவது இருக்கா?"

"மேஸ்திரிதான் சொல்லணும்."

பெட்டியைத் திறக்க அதை அடித்தவருக்குத்தான் உரிமை. எண்பதைத் தாண்டிய தாய்கிச்சி மேஸ்திரியைப் பூங்காவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவரை அப்படியே அழைத்து வந்தார்கள். மட்டையைக் கையில் பிடித்தபடியே படகில் ஏறினார். "இரும்பா? என் பெட்டியிலயா? எல்லாம் செம்பும் பித்தளையும்டா! இரும்பு வெச்சா படகம்மாவுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று கத்திக்கொண்டே ஆணியை நெம்பினார். உள்ளே பார்த்தார். விரலால் அந்தக் கற்றையைத் தூக்கினார். ஏறியும் இறங்கியும் நறுக்கின முடி, அதைச் சுற்றித் தோல் நிறத்தில் மூன்று காந்த வில்லை.

இவாவோ அந்த முடியைப் பார்த்தான், பிறகு கரையில் நின்றவளின் பிடரியைப் பார்த்தான். எலி கடித்த இடம் புதிதாகத் தெரிந்தது.

"நான்தான்" என்றாள் தொயோமி. பயத்தைவிட ஆத்திரம்தான் முன்னால் வந்தது. "ஆமா, நான்தான் மாத்தினேன்! இருபது வருஷமா அந்த சயோகோ முடியைத் தலைக்கு மேல வெச்சுட்டுப் போறீங்களே, எனக்கு எப்படி இருக்கும்னு ஒருநாள் நினைச்சீங்களா? என்னை இறக்கிவிட்டு அவளை மட்டும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"எந்த சயோகோ?" என்றான் இவாவோ.

"எந்த சயோகோவா! ஊருல எத்தனை சயோகோ இருக்கா?"

மேஸ்திரி மட்டையை ஊன்றிக்கொண்டு, பல்செட் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்தார். "அட பைத்தியக்காரி! அவ அந்த வருஷம் முடி சுருட்டுற பெர்ம் மருந்தைத் தப்பாக் கலந்து தலையைக் கருக்கிக்கிட்டா. அதான் வெட்டினா. வெளியே சொன்னா கடை என்ன ஆவறது? இதுல இருந்தது என் பொண்டாட்டி முடிம்மா."

"உங்க...?"

"நான் கட்டின அத்தனை படகுலயும் அவ முடிதான். ஒவ்வொருத்தன் வீட்டுப் படியேறி முடி கேட்டா வேலை எப்ப முடியறது? அவளுக்குக் கூடை கூடையா முடி. வெட்டி வெட்டி வெச்சிருந்தா. ரகசியமா வைக்கிறதுதானே, எவன் வந்து பாத்தான்?"

அவருடைய மனைவி போய் எட்டு வருஷம் ஆகிறது. தொயோமிக்குக் கடற்சுவரும், மிதந்து மிதந்து போன அந்தக் கறுப்புக் கட்டும் ஞாபகம் வந்தது. "மேஸ்திரி, நான்... அதைக் கடல்ல போட்டுட்டேன்" என்றாள். இப்போது ஆத்திரம் போய் வெறும் அழுகை இருந்தது.

கிழவர் கொஞ்ச நேரம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த படகுகளைப் பார்த்தார். "ஒரு படகுல இருந்து இறங்கிட்டா. மத்ததுல எல்லாம் இருக்கா. விடு."

அந்த மூன்று வில்லைகளையும் பிய்த்துக் குரோகியிடம் கொடுத்தார். பிறகு முடியைத் தூக்கிக் காட்டி, "இதை என்னடா பண்ண?" என்று இவாவோவைக் கேட்டார். இவாவோ தூண்டில் நரம்பு ஒரு துண்டை நறுக்கி நீட்டினான். மேஸ்திரி தொயோமியின் முடியை அதனால் கட்டிப் பெட்டிக்குள் வைத்து ஆணியை அடித்தார்.

ஆக, அவள் கேட்டது கிடைத்துவிட்டது. துறைமுகத்திலேயே படகுக்காரனின் சொந்த மனைவியின் முடியைச் சுமக்கிற படகு அது ஒன்றுதான். சேதி ஐஸ் மேடைக்கு வந்ததும் மற்ற பெண்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. ஒருத்தி மேஸ்திரியிடம் போய்ச் சண்டையே போட்டாள். சாதாரணமாக இதெல்லாம் தொயோமிக்குத் திருவிழா. இந்தமுறை ருசிக்கவில்லை.

ஏனென்றால் இயந்திரம் சரியாகிவிட்டது. இவாவோ தினமும் தனியாகப் போனான். அவள் தினமும் கரையில் நின்று கயிற்றை அவிழ்த்துவிட்டாள். படகு வளையாமல் நெளியாமல் போய்ப் புள்ளியாகும்வரை பார்த்தாள். 'நான் இங்க நிக்கிறேன். என் முடி மட்டும் ஜம்முன்னு போகுது. காற்று, முட்டி வலி எல்லாத்தையும் அதுதான் கேக்கும். அதுக்கு வந்த வாழ்வைப் பாரு!' சயோகோவைப் பார்த்து எரிந்த அதே வயிறுதான், இப்போது தன் தலையிலிருந்து தானே வெட்டிக் கொடுத்த முடியைப் பார்த்து எரிந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எரிந்தது. வீட்டில் அவன் மறுபடி சோறு, குளியல், தூக்கம் என்று ஆகிவிட்டான். குளித்து வந்ததும் பிடரியைக் காட்டி உட்காருவான், அவள் ஓரம் நறுக்கிய வில்லையை ஒட்டுவாள். தன் தோளில் ஒட்டிக்கொள்ள இப்போது அவளுக்கு வலியே இல்லை.

ஒரு காலையில், புறப்பட்டுப் போன படகு, அவள் வீட்டு வாசலைத் தொடுவதற்குள் திரும்பி வந்துவிட்டது.

"மறுபடி இழுக்குது" என்றான் இவாவோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"குரோகியைக் கூப்பிடுங்க."

"கப்பலேறி ஹகாதா டவுனுக்குப் போயிருக்கான். எப்ப வருவானோ." பூட்ஸ் முனையால் கட்டையைத் தட்டிக்கொண்டு நின்றான். "பாரை ஓடுது. சும்மா நிக்க முடியாது. நீ ஏறு."

அவள் ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. ஏறிச் சக்கரத்தைப் பிடித்தாள். முனை தாண்டி நீரோட்டம் தெரிந்ததும் அவன் பின்பக்கம் போய்த் தூண்டில்களை இறக்க ஆரம்பித்தான். தொயோமிக்குள் ஒரு சந்தேகம். நாம்தான் மறுபடி ஏதாவது செய்து தொலைத்தோமா? இல்லையே! பெட்டியைத் தொடவே இல்லையே! ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை வளைத்துத் தட்டின் அடியைப் பார்த்தாள்.

சென்சாருக்கு நேர் மேலே, தட்டின் அடிப்பலகையில் ஒரு காந்த வில்லை ஒட்டியிருந்தது. ஓரம் கத்தரியால் நறுக்கியது. பொத்தான் அளவு. அதில் இரண்டு குட்டை நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். இவாவோ முதுகைக் காட்டிக் குனிந்து கயிற்றை விட்டுக்கொண்டிருந்தான். வெயிலில் கறுத்த பிடரியில், நேற்று அவள் ஒட்டிய இடத்தில், வெளுப்பாக ஒரு வட்டம்.

"என்னங்க," என்று கத்தினாள். "கழுத்துல ஒண்ணு உதிர்ந்து போச்சு போல?"

அவன் நிமிரவில்லை. "உதிரும். வியர்வைக்கு உதிரும்."

"ஓ. அப்படியா?"

"வளைக்கிற, வளைக்கிற! முன்னால பாரு!"

"கூட்டாளி வளைக்கமாட்டானோ?"

அவன் இன்னொரு தூண்டிலை இறக்கினான். பிறகு அவன், கயிற்றைப் பார்த்தபடியே, "அவனை விடு. அவனுக்கு ஒண்ணும் தெரியல. என்ன சொன்னாலும் பதிலே பேசமாட்டேங்கறான்" என்றான்.

தொயோமி கழுத்திலிருந்த துண்டை உருவிப் புது இயந்திரத்தின் முகத்தை மூடினாள். அந்த வில்லையை அவள் பிய்க்கவில்லை. குரோகி ஹகாதாவிலிருந்து வந்த பிறகும் பிய்க்கவில்லை.